பூம்பாறை ஓடையில் சுண்ணாம்பா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. பூம்பாறைப் பள்ளத்தாக்கில் எங்கள் பூண்டுத் தோட்டத்துக்குக் கீழே ஒரு சின்ன ஓடை போகிறது. பங்குனியில் தண்ணீர் வற்றியதும் கற்களின் மேல் வெள்ளையாக ஒரு படலம். நகத்தால் சுரண்டினால் மாவு மாதிரி உதிர்கிறது. "இது சுண்ணாம்பு ஆறுப்பா, பாறையே கரைஞ்சு வருது" என்கிறார் மாமா.

எனக்குச் சந்தேகம். பழனி மலை பெரும்பாலும் சார்னோகைட் என்கிற கருங்கல் மாதிரியான கெட்டிப் பாறை. சென்னைப் பரங்கிமலையில் இருக்கும் அதே வகை. சுண்ணாம்புப் பாறை மழைநீரில் கரைகிற மாதிரி இது கரையாது. தண்ணீரில் அவ்வளவு சுண்ணாம்பு இருந்தால் சோப்பு நுரைக்கவே நுரைக்காதே, இங்கே அலசி மாளவில்லை. மண்ணும் புளிப்பு மண். நாங்கள்தான் காசு கொடுத்துச் சுண்ணாம்பு வாங்கித் தூவுகிறோம்! சுண்ணாம்பாக இருந்தால் புளிப்புப் பட்டதும் பொங்குமே என்று எலுமிச்சைச் சாறு விட்டும் பார்த்தேன். ஒரே ஒரு கல்லில் லேசாகப் பொங்கியது, மற்றதெல்லாம் ஈரமானதோடு சரி.

நாங்கள் தூவுவதே மழையில் இறங்கிப் படிகிறதா? இல்லை, காய்ந்த பாசியா? மன்னவனூர், கூக்கால் பக்கம் யாராவது இப்படிப் பார்த்திருக்கிறீர்களா? தண்ணீரையும் படலத்தையும் எங்கே கொடுத்துச் சோதிக்கலாம், எவ்வளவு ஆகும்? அப்புறம், பாட்டிலில் பிடிக்கும்போது கவனிக்க வேண்டியது ஏதாவது இருந்தால் அதையும் சொல்லுங்கள்.