தாம்பரம் நாலு மடங்கு வளர்ந்துச்சா, இல்ல எல்லைக் கோட்டத்தான் மாத்தி போட்டாங்களா?

பிளாட்டு பார்ட்டி:
மக்களே வணக்கம். தாம்பரம் ஜனத்தொகை முன்னாடி 1.75 லட்சம், இப்ப 7.2 லட்சமாம், பத்தே வருஷத்துல நாலு மடங்கு. ஒரு புரோக்கர் அனுப்பின மெசேஜ், எங்க ஃபேமிலி குரூப்ல ஓடிட்டு இருக்கு. இந்த ஸ்பீடுல போனா இன்னும் அஞ்சு வருஷத்துல மனை விலைய தொட முடியாது, அதான் முடிச்சூர் பக்கம் அரை கிரவுண்டு பாத்து வச்சிருக்கேன். யாருக்காவது மாத்து கருத்து இருந்தா சொல்லுங்க, ஆனா வயித்தெரிச்சல்ல சொல்லாதீங்க.

கணக்கு வாத்தி:
வயித்தெரிச்சல் எல்லாம் இல்ல சார், சிரிப்பு தான் வருது. நீங்க சொல்ற ரெண்டு நம்பருமே 2011 சென்சஸ் நம்பர். 1.75 லட்சம்ங்கறது அப்ப இருந்த தாம்பரம் நகராட்சி மட்டும், சரியா சொன்னா 1,74,787. 7.2 லட்சம்ங்கறது 2021 நவம்பர்ல மாநகராட்சி ஆக்கினப்ப தாம்பரத்தோட பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சி, அப்புறம் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை பேரூராட்சி எல்லாத்தையும் ஒண்ணா சேர்த்து அதே 2011 கணக்க கூட்டி போட்டது. ஒரே சென்சஸ்ல எண்ணின ஜனம். இந்த ரெண்டு நம்பருக்கும் நடுவுல ஒருத்தரும் புதுசா வந்து சேரல, போர்டுல பேர் தான் மாறிச்சு. 2021 சென்சஸே நடக்கல, அடுத்தது 2027க்கு தள்ளிப்போச்சு, அதனால "இப்ப இவ்ளோ"ன்னு அடிச்சு சொல்ற எவனா இருந்தாலும் குத்துமதிப்பு தான்.

பிளாட்டு பார்ட்டி:
சரி சார் நம்பர விடுங்க, கண்ணால பாக்கறது பொய்யா? வேளச்சேரி ரோடு, ராஜகீழ்ப்பாக்கம், கேம்ப் ரோடு ஜங்ஷன், சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு தடவ வண்டி எடுத்துட்டு வாங்க, அப்புறம் பேசலாம் ஜனம் வரலன்னு.

கணக்கு வாத்தி:
ஜனம் வரலன்னு நான் எங்க சொன்னேன், நாலு மடங்குங்கறது தான் கதை. பழைய தாம்பரம் நகராட்சிய எடுங்க, 2001ல 1.38 லட்சம், 2011ல 1.75, பத்து வருஷத்துல சுமார் 27 சதவீதம். பல்லாவரம் 1.44 லட்சத்துலேருந்து 2.15, அது கிட்டத்தட்ட 49. செம்பாக்கம் அதே பத்து வருஷத்துல ரெட்டிப்ப தாண்டிடுச்சு. அதாவது வளர்ந்தது ஓரம், நடு இல்ல. ஸ்டேஷன் பக்கத்துல இடம் ஏது?

குரோம்பேட்டை குசும்பன்:
ஸ்டேஷன் பக்கத்துல இடம் இருக்கு தலைவரே, நம்ம கைக்கு வராது அவ்ளோதான். கிழக்க ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷன், அதுக்கு இந்தப் பக்கம் 1937லயே ஜார்ஜ் டவுன்லேருந்து காலி பண்ணிட்டு வந்த எம்சிசி, அதான் மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ், அது மட்டுமே 350 ஏக்கருக்கு மேல காடும் மானும். சானடோரியத்துல 1928லேருந்து இருக்கற டிபி ஆஸ்பத்திரி, அது பக்கத்துல சித்தா ஆஸ்பத்திரி, எதிர்ல மெப்ஸ்ங்கற ஏற்றுமதி கம்பெனிங்க வளாகம், நடுவுல ரயில்வே. இதெல்லாம் கழிச்சா மிச்சம் இருக்கற துண்டு துண்டு இடத்துல தான் மொத்த ஜனமும் உக்காந்திருக்கு. மாநகராட்சி பரப்பு சுமார் 87 சதுர கிலோமீட்டர், ஒரு சதுர கிலோமீட்டருக்கு எட்டாயிரம் சொச்சம் பேர்னு கணக்கு வரும், பழைய சென்னைல 26 ஆயிரம், "அடடா எவ்ளோ காத்தோட்டமான ஊரு"ன்னு தோணும். காத்தோட்டம் மானுக்கு. நமக்கு ராதா நகர்ல பைக் திருப்ப இடம் கிடையாது.

செகண்ட் ஷிஃப்ட்:
இதுல இன்னொண்ணு விட்டுட்டீங்க. சென்சஸ்ல எண்ணறது குடியிருக்கறவங்கள. மெப்ஸ்ல வேலைக்கு செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கத்துலேருந்தெல்லாம் ரயில்ல வந்து இறங்கற பொண்ணுங்க கூட்டத்த எந்த கணக்குல வைப்பீங்க? காலைல தாம்பரத்துக்காரங்க பாதி பேரு கிண்டிக்கும் பார்க் ஸ்டேஷனுக்கும் போறாங்க, வெளிய இருக்கறவங்க இங்க வராங்க. 1931லேருந்து பீச் டு தாம்பரம் கரண்ட் ரயில் ஓடுது, ஊரே அந்த தண்டவாளத்த புடிச்சு தொங்கிட்டு வளர்ந்த ஊரு. தனி ஊருன்னு மாநகராட்சி போர்டு வச்சா போதுமா, என்னைக் கேட்டா இது சென்னையோட வால் தான்.

குரோம்பேட்டை குசும்பன்:
வாலா? பல்லாவரத்துல 1863ல புரூஸ் ஃபூட்னு ஒரு நிலவியல் ஆய்வாளர் ஆதிமனுஷன் கல்கோடாரி எடுத்தாரு, அந்த கோடாரி செஞ்ச காலத்துல உங்க சென்னைய எங்க தேடறது. 2011ல சென்னை மாநகராட்சிய 174லேருந்து 426 சதுர கிலோமீட்டரா ஊதினப்ப ஆலந்தூர இழுத்துக்கிட்டாங்க, மீனம்பாக்கத்த இழுத்துக்கிட்டாங்க, ஏர்போர்ட் காம்பவுண்ட தாண்டினதும் நின்னுட்டாங்க. வேணாம்னு விட்டது அவங்க. இப்ப வந்து வாலுன்னா எப்படி.

செகண்ட் ஷிஃப்ட்:
கல்கோடாரி காலத்து மாநகராட்சி கமிஷனர் யாருன்னு சொல்லுங்க சார், லைட்டு எரியல கம்ப்ளைன்ட் பண்ணணும்.

அடையாத்தங்கரை:
வால் தல சண்டைய அப்புறம் வச்சுக்கோங்க. முதல்ல அந்த அரை கிரவுண்டு விஷயம். பிளாட்டு பார்ட்டி அண்ணே, நீங்க சொல்ற முடிச்சூர் 2021ல மாநகராட்சில சேரவே இல்ல. பஞ்சாயத்தா தான் விட்டாங்க. தெருவு ஒண்ணு, வீட்டு வரிசை ஒண்ணு, ஆனா ஒரு பக்கம் மாநகராட்சி இந்த பக்கம் பஞ்சாயத்து. அடையாத்த தாண்டினா வரதராஜபுரம், அது காஞ்சிபுரம் மாவட்டம், தாம்பரமோ 2019லேருந்து செங்கல்பட்டு மாவட்டம். தண்ணி வந்தா மட்டும் எல்லாருக்கும் ஒரே மாவட்டம்.

பிளாட்டு பார்ட்டி:
2015 வெள்ளக் கதைய எடுக்கப் போறீங்கன்னு தெரியும் தம்பி. அது செம்பரம்பாக்கம் ஏரிய ராத்திரியோட ராத்திரியா தொறந்து விட்டதால வந்தது. நூறு வருஷத்துக்கு ஒரு தடவ நடக்கறது. ஏரிய ஒழுங்கா தொறந்தா முடிச்சூருக்கு ஒண்ணும் ஆகாது.

அடையாத்தங்கரை:
அண்ணே, நான் அன்னிக்கு மொட்டமாடில ரெண்டு ராத்திரி உக்காந்தவன், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன் கோச்சுக்காதீங்க. செம்பரம்பாக்கம் உபரித் தண்ணி அடையாறுல வந்து சேர்ற இடம் திருநீர்மலை பக்கம். முடிச்சூர் அதுக்கு மேல இருக்கு. தண்ணி மேட்டப் பாத்து ஏறாது. எங்களுக்கு வந்தது ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம்னு மேல இருக்கற ஏரிங்க நிறைஞ்சு வழிஞ்சது, அதோட டிசம்பர் 1 ஒரே நாள்ல தாம்பரத்துல மட்டும் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கத்த பூட்டியே வச்சிருந்தாலும் நாங்க முழுகியிருப்போம். செம்பரம்பாக்கம் அடிச்சது திருநீர்மலைக்கு கீழ, அனகாபுத்தூர், அப்புறம் மணப்பாக்கம் அந்த பக்கம், அவங்களுக்கு எங்க தண்ணியும் சேத்து ரெண்டு பங்கு. திருநீர்மலைல மலையச் சுத்தி தண்ணி நின்னதால திருமங்கையாழ்வார் ஆறு மாசம் காத்திருந்து தான் பெருமாள சேவிச்சாருன்னு ஊர்ல சொல்வாங்க. பேர்லயே நீர் இருக்கு, நாம தான் பத்திரத்துல சர்வே நம்பர மட்டும் பாக்கறோம்.

கணக்கு வாத்தி:
இது எனக்கே புதுசு. அப்ப சிட்லபாக்கம் தண்ணியும் அடையாறுக்கு தான் வருதா?

அடையாத்தங்கரை:
இல்ல சார். தாம்பரம் ரெண்டா பிரியற ஊரு. மேக்க விழற மழை அடையாறுக்கு. கிழக்க விழறது சேலையூர் ஏரி, ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம்னு ஒண்ணு நிறைஞ்சு அடுத்ததுக்கு இறங்கி கடைசில பள்ளிக்கரணை சதுப்பு நிலம். சிட்லபாக்கமும் செம்பாக்கத்துக்கு தான் இறங்கும். உங்க ஓரத்து வளர்ச்சி இருக்கு பாருங்க, செம்பாக்கம் ரெட்டிப்புன்னீங்களே, அந்த வீடெல்லாம் எங்க வந்துச்சு? ஒரு ஏரிக்கும் அடுத்த ஏரிக்கும் நடுவுல.

குரோம்பேட்டை குசும்பன்:
சிட்லபாக்கத்த குறை சொல்லாதீங்க, 2019ல தண்ணிப் பஞ்சத்தப்ப அந்த ஊர் ஜனமே மண்வெட்டியோட ஏரில இறங்குச்சு. இன்னிக்கு வாக்கிங் போறீங்களே அதுக்கு ஆரம்பம் அது தான்.

செகண்ட் ஷிஃப்ட்:
வாக்கிங் போற எடத்துல போண்டா கடை வந்துடுச்சு, அதயும் சொல்லுங்க.

பிளாட்டு பார்ட்டி:
தம்பி சொன்னது யோசிக்க வேண்டிய விஷயம் தான், ஒத்துக்கறேன். ஆனா 2015க்கு அப்புறம் ஆத்த அகலப்படுத்தினாங்க, மூடுகால்வாய் போட்டாங்க. கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு வந்துடுச்சு. எல்லாரும் பயந்துட்டே இருந்தா யாரு தான் வீடு கட்டறது? நீங்களே அங்க தான இருக்கீங்க, வித்துட்டு போகலயே.

அடையாத்தங்கரை:
போகல அண்ணே. எங்க அப்பா பிஎஃப் பணம் மொத்தமும் அந்த வீட்டுல இருக்கு, வித்தா இதே காசுக்கு ஸ்டேஷனுக்கு இவ்ளோ கிட்ட எங்க கிடைக்கும்? வேலை நடந்திருக்கு, இல்லன்னு சொல்லல, முன்ன மாதிரி ஒவ்வொரு மழைக்கும் உள்ள வரதில்ல. வாங்காதீங்கன்னும் சொல்லல. நாலு மடங்குன்னு நம்பி வாங்காதீங்க. ஐப்பசி அடைமழைல ஒரு நாள் வந்து மனைல நில்லுங்க, பக்கத்து வீட்டு காம்பவுண்டு சுவத்துல தண்ணிக் கறை எந்த உசரத்துல இருக்குன்னு பாருங்க, அதுக்கு மேல பேஸ்மென்ட் எழுப்ப எவ்ளோ ஆகும்னு மேஸ்திரிய கேளுங்க, அப்புறம் புரோக்கர்கிட்ட விலை பேசுங்க.

பிளாட்டு பார்ட்டி:
புரோக்கர்கிட்ட இப்ப தான் கேட்டேன். "சார் அதெல்லாம் பழைய கதை, கறை மேல பெயின்ட் அடிச்சாச்சு"ன்றான்.