காலைச் சாப்பாடு, இரவுச் சாப்பாடு: உங்கள் வீட்டில் யார் முடிவு செய்கிறார்கள்?

திருப்பூர், பவர் டேபிள் டெய்லர்:

எங்கள் பனியன் கம்பெனியில் அண்மையில் மருத்துவ முகாம் நடந்தது. வந்திருந்த மருத்துவர் தன்மையானவர்தான். ஆனால் வரிசையில் நின்ற எல்லோரிடமும், "இரவில் ஏன் பரோட்டா சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் அடுத்தவரை அழைத்துவிட்டார். அங்கே சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன்.

காலை எட்டரைக்கு மெஷினில் உட்கார்ந்தால் ஒன்றரை ஷிப்ட் முடிய இரவு எட்டரை ஆகும். பீஸ் ரேட் வேலை. எழுந்து போகும் நேரத்துக்குக் காசு கிடையாது. பதினோரு மணிக்கும் ஐந்து மணிக்கும் டீ வரும், கூடவே பன்னோ வடையோ. அறையில் நான்கு பேருக்கு ஓர் அடுப்பு. ஒன்பது மணிக்குத் திரும்பிவந்து பருப்பை வேகவைத்து யார் சாப்பிடுவது? தெருமுனையில் பரோட்டாக் கல் சூடாக இருக்கிறது, பசியும் சூடாக இருக்கிறது. சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை கறி. வாரத்தில் அந்த ஒரு நாள்தான் எங்கள் அறையில் தாளிக்கும் வாசனை வரும். பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போனால் இதே நான் ஏழு மணிக்குக் கீரைக் குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடுகிறேன். யாரும் எனக்கு அறிவுரை சொல்வதில்லை.

சென்னை, வங்கி ஊழியர்:

இரவே கொஞ்சம் ஓட்ஸ் ஊறவைத்துவிட்டால் காலையில் சமைக்கவே வேண்டாம். மனம் வைத்தால் முடியும் என்பது என் கருத்து.

பாலக்கோடு, தொடக்கப் பள்ளி ஆசிரியை:

வங்கி நண்பரே, உங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இருக்கிறது, காலையில் ஒரு மணி நேரமும் இருக்கிறது. எங்கள் பகுதியில் தக்காளி பறிக்கப் போகிறவர்கள் விடியும் முன்பே கிளம்பிவிடுவார்கள். பிள்ளைகள் எழும்போது வீட்டில் பெரியவர்கள் இருக்க மாட்டார்கள். முன்பெல்லாம் காலை வழிபாட்டில் மயங்கி விழும் பிள்ளையை வகுப்புக்குத் தூக்கிப்போவது எங்களுக்குப் பழகிப்போன வேலை. 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த பிறகு அது வெகுவாகக் குறைந்துவிட்டது. உப்புமா என்றால் முகம் சுளிக்கிறார்கள். சுளித்துக்கொண்டே இரண்டாம் முறை வாங்குகிறார்கள்.

களியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இது கேழ்வரகு விளையும் மாவட்டம். எங்கள் வீட்டில் அம்மா இருந்தவரை நாள் தவறாமல் களிதான். இப்போது விருந்தாளி கேட்டால் கிண்டுகிறோம். ரேஷனில் 2011 முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது, அது ஒரு காரணம். இன்னொன்றை யாரும் பேசுவதில்லை: எரிவாயு அடுப்பு. களி கிண்டும்போது முழு உடல் பலத்தையும் கொடுத்துத் துடுப்பைச் சுழற்ற வேண்டும். மண்ணில் பதிந்த விறகடுப்பு அதைத் தாங்கும். எரிவாயு அடுப்பில் பானை நகர்ந்துவிடும். ஒருவர் பிடித்துக்கொள்ள, ஒருவர் கிண்ட வேண்டும். வேலைக்குப் போகும் வீட்டில் அந்த இரண்டாவது ஆளுக்கு எங்கே போவது?

ஹட்டன், இலங்கை:

பாலக்கோட்டு அக்கா அடுப்பைச் சொன்னதும் எங்கள் லயத்து அடுப்படி நினைவுக்கு வந்தது. லயம் என்றால் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். என் அம்மாச்சி கொழுந்து பறித்தவர். மலையகத்தில் காலைச் சாப்பாடு என்றால் கோதுமை மா ரொட்டியும், மிளகாயும் வெங்காயமும் இடித்த கட்டச்சம்பலும்தான். மாவில் தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, தடிப்பாகத் தட்டிச் சுட்டெடுப்பது. காலைப் பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் பதியும் இடத்துக்கு, பிந்தினால் அன்றைய வேலை போய்விடும் என்பதால் கறி காய்ச்ச நேரம் இல்லை. ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு மலையேறலாம். மழையில் நின்றபடியே கடித்துச் சாப்பிடலாம். குழம்பு கேட்காது, எளிதில் ஊசாது. தோட்டத்தில் அரிசியும் மாவும் கொடுத்துச் சம்பளத்தில் கழித்துக்கொண்ட காலமும் உண்டு. அப்படி வந்த மாவுதான் எங்கள் ருசியாகிவிட்டது.

1973, 74ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில் அந்த மாவும் கிடைக்கவில்லை. அதைப் பற்றி அம்மாச்சி அதிகம் பேச மாட்டார். ஆனால் அரைவாசி ரொட்டியை மீதம் வைத்துவிட்டு எழுந்தால் மட்டும் எங்களைப் பார்க்கும் பார்வை வேறாக இருக்கும். கொழும்பில் என்னோடு வேலை செய்தவர்கள் புட்டும் இடியப்பமும் கொண்டுவருவார்கள். "உங்களுக்குத் தினமும் ரொட்டிதானா?" என்று ஒருவர் கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையான வியப்பு. இடியப்பம் பிழிய அதிகாலையில் அடுப்படியில் ஒருவர் நின்றாக வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. அவர் வீட்டில் யார் நின்றார்கள் என்று நானும் கேட்கவில்லை.

திருப்பூர், பவர் டேபிள் டெய்லர்:

ஹட்டன் நண்பர் சொன்னதைப் படித்ததும் எங்கள் செக்கிங் பிரிவில் உள்ள ஒடிசாப் பையனைப் பற்றி எழுதத் தோன்றியது. மதியம் டப்பாவைத் திறந்தால் தண்ணீர் ஊற்றிய சோறு, வறுத்த உருளைக்கிழங்கு, பச்சை மிளகாய். அவர்கள் ஊரில் பகாளா என்பார்களாம். மார்ச் 20 அன்று அதற்கென்று ஒரு நாளே கொண்டாடுகிறார்கள். நம் பழைய சோறுதான். எங்கள் ஆட்கள் முதலில் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப்பேர் ஊரில் அதைக் குடித்து வளர்ந்தவர்கள். கம்பெனிக்குக் கொண்டுவரத்தான் கூச்சம். இப்போது டெய்லருக்கு உதவியாக இருக்கும் கைமடிப் பையன் ஒருவனும் தூக்குப்போசியில் கொண்டுவருகிறான். எனக்கும் ஆசைதான். ஆனால் பழைய சோறு வேண்டுமென்றால் முந்தின இரவு அறையில் சோறு வடித்திருக்க வேண்டுமே.