555 டிம்மர்: குமிழைக் கடைசிவரை திருப்பினால் பல்பு பிரகாசமாகிறது

கேள்வி:
மூன்று வாரமாக இதோடு மல்லுக்கட்டுகிறேன். மெயின்ஸ் அலை சுழியத்தைக் கடக்கும்போதெல்லாம் ஆப்டோகப்ளர் (ஒளி வழியாக மட்டும் சிக்னலைக் கடத்தும் சிப்) ஒரு சின்ன பல்ஸ் கொடுக்கிறது. அதை வாங்கிய 555 டைமர் சிப் கொஞ்சம் தாமதித்து, எம்ஓசி என்ற டிரைவர் சிப் வழியாக டிரையாக்கை (பல்புக்கு மெயின்ஸைத் திறந்துவிடும் எலக்ட்ரானிக் சுவிட்ச்) தூண்டுகிறது. தாமதம் கூடக் கூட 60 வாட் குண்டு பல்பு அழகாக மங்குகிறது. ஆனால் குமிழ் கடைசி முனையை நெருங்கியதும் சட்டென்று பிரகாசமாகி நடுங்குகிறது! டிரையாக்கை இரண்டு தடவை மாற்றிவிட்டேன். கெபாசிட்டர் 0.1 மைக்ரோஃபாரட், குமிழ் 100 கிலோ ஓம், மெயின்ஸ் 50 ஹெர்ட்ஸ்.

பதில் 1:
எம்ஓசி 3021 தானே? 3041 என்றால் சுழியத்துக்குப் பக்கத்தில் மட்டும்தான் தூண்டும், இந்த வேலைக்கு ஆகாது.

கேட்டவர்:
3021 தான் அண்ணா.

பதில் 2:
டிரையாக் மேல் தப்பில்லை தம்பி, கணக்கில்தான் இடிக்கிறது. 555-இன் தாமதம் 1.1 × ஆர் × சி (ஆர் குமிழின் ஓம், சி கெபாசிட்டர்). உங்கள் மதிப்புக்கு 11 மில்லிசெகண்ட். அரை அலையோ 10 மில்லிசெகண்டில் முடிந்துவிடும். அடுத்த சுழியப் பல்ஸ் வரும்போது 555 இன்னும் பழைய எண்ணிக்கையிலேயே இருக்கிறது, அதனால் அதைக் கண்டுகொள்ளாது. 11-இல் எண்ணி முடித்துத் தூண்டும்போது அடுத்த அரை அலை தொடங்கி 1 மில்லிசெகண்ட்தான் ஆகியிருக்கும். அந்த அரை அலை கிட்டத்தட்ட முழுசாகப் பல்புக்குப் போகிறது. அதற்கடுத்தது அப்படியே விட்டுப்போகிறது. ஒன்று விட்டு ஒன்று, அதுவும் எப்போதும் ஒரே பக்க அலை. நடுக்கம் அதனால்தான்.

நானும் முதல் டிம்மரில் இதே இடத்தில்தான் மாட்டிக்கொண்டேன். 555-இன் வெளியீடான 3ஆம் பின்னில் ஸ்கோப் (அலைவடிவம் காட்டும் கருவி) வைத்து, பல்ஸ் அகலம் 10-ஐத் தாண்டியதைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. நீங்களும் அங்கேயே பாருங்கள். ஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப் மட்டும் தப்பித்தவறிக்கூட மெயின்ஸ் பக்கம் போகக் கூடாது.

கெபாசிட்டரை 0.068 ஆக்குங்கள். 7.5 மில்லிசெகண்ட் வரும். குமிழ் 20 சதவீதம் கூடுதலாக இருந்தாலும் 9-ஐத் தாண்டாது. குமிழோடு தொடராக ஒரு 4.7 கிலோ ஓமும் போடுங்கள், இல்லாவிட்டால் மறுமுனையில் 7ஆம் பின் நேராக சப்ளையோடு சேர்ந்துவிடும்.

சரிசெய்யும்வரை டிரான்ஸ்ஃபார்மர் எதையும் இதில் மாட்டாதீர்கள். ஒரே பக்க அலை போனால் அதன் இரும்புக் கோர் காந்தத்தால் நிறைந்து சுருள் சூடேறிவிடும்.

கேட்டவர்:
0.068 போட்டாயிற்று அண்ணா. இப்போது கடைசி முனையில் இழை மட்டும் சிவந்து தெரிகிறது, நடுக்கமே இல்லை. பழைய கெபாசிட்டரோடு பின் 3-ஐப் பார்த்தேன், பல்ஸ் அகலம் 10.9 மில்லிசெகண்ட் இருந்தது. மிக்க நன்றி.