ஒழுங்குமுறை டி செல்கள் திசுக்களில் நிலையாகத் தங்குகின்றனவா, வந்து போகின்றனவா?

கேள்வி (முதுகலை மாணவி):
வணக்கம். நோயெதிர்ப்பு மண்டலம் நம் உடலையே தாக்கிவிடாமல் தடுக்கும் ஒழுங்குமுறை டி செல்கள் என்ற வெள்ளையணுக்களைப் பற்றி வகுப்புக் கருத்தரங்கு ஒன்றிற்காகப் படித்து வருகிறேன். இவை மார்பிலுள்ள தைமஸ் சுரப்பியில் உருவாகி, இரத்தத்திலும் நிணநீர்க் கணுக்களிலும் சுற்றி வருகின்றன என்பது வரை புரிகிறது. ஆனால் தோல், குடல், கொழுப்பு, தசை ஆகியவற்றில் இவை நிரந்தரமாகக் குடியிருப்பதாகச் சில கட்டுரைகளும், சில வாரங்களில் வெளியேறிவிடுவதாக வேறு சில கட்டுரைகளும் கூறுகின்றன. எந்தத் திசுவுக்குப் போவது என்பது எங்கே முடிவாகிறது? போன பின் அங்கேயே தங்கிவிடுகின்றனவா?

மறுமொழி 1:
முதல் கேள்விக்கு மட்டும் விடை எழுதுகிறேன். இன்னும் தூண்டப்படாத செல்லின் மேற்பரப்பில் ஈர்ப்புச் சமிக்ஞைகளை உணரும் சிசிஆர்7 ஏற்பியும், நாளச் சுவரில் ஒட்ட உதவும் எல்-செலெக்டின் புரதமும் இருப்பதால், அது இரத்தத்திலிருந்து நிணநீர்க் கணுவுக்குள்தான் நுழைகிறது. அங்கே டென்ட்ரிடிக் செல்கள் ஆன்டிஜெனை (டி செல் அடையாளம் காணும் மூலக்கூறுத் துணுக்கை) காட்டித் தூண்டும்போது இந்த ஏற்பிகள் குறைந்து, திசுவுக்கேற்ற வேறு ஏற்பிகள் தோன்றுகின்றன. குடலைச் சார்ந்த கணுக்களில் இதை மிகத் தெளிவாகக் காணலாம். அங்குள்ள சிடி103 என்ற மேற்பரப்புப் புரதம் கொண்ட டென்ட்ரிடிக் செல்கள், உணவின் வழியே வரும் வைட்டமின் ஏ-யிலிருந்து ரெட்டினாயிக் அமிலத்தை உருவாக்குகின்றன. அதன் தாக்கத்தால் டி செல்லில் ஆல்ஃபா4பீட்டா7 இன்டெக்ரின் என்ற ஒட்டுப் புரதமும் சிசிஆர்9 ஏற்பியும் தோன்றுகின்றன. குடலின் இரத்தநாளச் சுவரில் உள்ள மேட்கேம்-1 புரதத்தை அந்த இன்டெக்ரின் பற்றிக்கொள்ள, சிறுகுடல் சுரக்கும் சிசிஎல்25 என்னும் கீமோகைனின் (செல்களை ஈர்க்கும் சமிக்ஞைப் புரதத்தின்) ஈர்ப்பால் செல் சுவரைக் கடந்து உள்ளே செல்கிறது. பெருங்குடலுக்குச் செல்ல ஜிபிஆர்15 என்ற வேறோர் ஏற்பி முக்கியமானது என்று 2013-இல் எலிகளில் காட்டப்பட்டது.

தோலைப் பொறுத்தவரை, காலமும் இடத்தைப் போலவே முக்கியம் என்பதைக் கருத்தரங்கில் அவசியம் குறிப்பிடுங்கள். பிறந்து சில நாட்களே ஆன எலிக்குட்டியின் தோலில் மயிர்க்கால்கள் வளரும்போது, அவை சுரக்கும் சிசிஎல்20 கீமோகைன், சிசிஆர்6 ஏற்பியைத் தாங்கிய ஒழுங்குமுறை டி செல்களைப் பெருமளவில் ஈர்க்கிறது. தோலில் பாக்டீரியாக்கள் குடியேறுவதும் அதே நாட்களில்தான். அந்த வருகையை அப்போது தடுத்துவிட்டால், பின்னாளில் அந்தப் பாக்டீரியாக்களைச் சகித்துக்கொள்ளும் தன்மை உருவாவதில்லை.

மறுமொழி 2:
மேலே உள்ள விளக்கத்தோடு உடன்படுகிறேன். ஆயினும் எல்லாம் கணுவிலேயே முடிவாகிவிடுவதில்லை. கொழுப்புத் திசு இதற்கு நல்ல சான்று. பருமனற்ற, முதிர்ந்த ஆண் எலியின் வயிற்றுக் கொழுப்பில் உள்ள சிடி4 டி செல்களில் (ஒழுங்குமுறை செல்களும் அடங்கிய வகை) ஏறக்குறைய பாதி ஒழுங்குமுறை செல்களாகவே இருக்கக்கூடும். இவற்றின் முன்னோடிகள் மண்ணீரலில் ஓரளவு மட்டுமே தயாராகி வருகின்றன. கொழுப்பினுள் நுழைந்த பிறகு, அங்குள்ள ஐஎல்-33 என்னும் சமிக்ஞைப் புரதம் தரும் தூண்டலாலும் பிபிஏஆர்-காமா என்ற மரபணு ஒழுங்குப் புரதத்தாலும்தான் முழுமையான திசு இயல்பைப் பெறுகின்றன. அந்த ஐஎல்-33 குறைந்தால் செல்களின் எண்ணிக்கையும் குறைகிறது. முதிய எலியின் தசையில் காயத்திற்குப் பின் இச்செல்கள் போதிய அளவு சேராததற்கும், அதனால் தசை சீராவது தாமதப்படுவதற்கும் இதுவே ஒரு காரணம்.

இனி, தங்குகின்றனவா என்பது. திசுவிலிருந்து வெளியேற, நிணநீரில் மிகுந்திருக்கும் ஸ்பிங்கோசின்-1-பாஸ்பேட் என்ற கொழுப்பு மூலக்கூறை உணரும் ஏற்பி வேண்டும். சிடி69 புரதம் அந்த ஏற்பியைச் செல்லின் மேற்பரப்பிலிருந்து அகற்றுவதால் செல் உள்ளேயே நின்றுவிடுகிறது. ஆனால் சிடி69 இருப்பதாலேயே ஒரு செல் நிரந்தரவாசி என்று கொள்வது தவறு. இரண்டு எலிகளின் இரத்த ஓட்டத்தை இணைத்து, ஒன்றின் செல்கள் மற்றதன் திசுவில் எவ்வளவு கலக்கின்றன என்று பார்க்கும் சோதனைதான் நம்பத் தகுந்தது. அத்தகைய ஆய்வுகளின் அடிப்படையில், குடல் நீங்கலாகப் பெரும்பாலான உறுப்புகளில் இச்செல்கள் தற்காலிகமாகவே தங்கிப் பல திசுக்களுக்கிடையே இடம்பெயர்கின்றன என்று 2024-இல் 'இம்யூனிட்டி' இதழில் வெளியான ஆய்வு கூறுகிறது. திசுவில் அவற்றின் தொகை நிலையாக இருக்கலாம், தனித்தனிச் செல்கள் மாறிக்கொண்டிருக்கலாம். நீங்கள் படித்த கட்டுரைகளின் முரண் பெருமளவு இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால் வருவதே.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. அப்படியானால், புற்றுக் கட்டிக்குள் இச்செல்கள் நுழையும் வழியை மட்டும் அடைக்க முடியுமா?

மறுமொழி 1:
கட்டிகள் சிசிஎல்22 கீமோகைனைச் சுரந்து, சிசிஆர்4 ஏற்பியுள்ள ஒழுங்குமுறை செல்களை ஈர்க்கின்றன என்பது 2004-இல் சினைப்பைப் புற்றில் காட்டப்பட்டது. இதே ஏற்பிதான் தோலுக்குச் செல்லும் செல்களிலும் இருப்பது இங்கே பெரும் இடையூறு. தோலைத் தாக்கும் டி செல் லிம்போமாக்களுக்கு (டி செல்களில் தோன்றும் புற்றுகளுக்கு) தரப்படும் மொகமுலிசுமாப் என்ற மருந்து சிசிஆர்4 உள்ள செல்களை அழிக்கும்போது ஒழுங்குமுறை செல்களும் அழிகின்றன. சிகிச்சை பெறுவோரிடம் தோல் தடிப்பு அடிக்கடி காணப்படுகிறது. அதனால்தான் கட்டிக்குள் இருக்கும் ஒழுங்குமுறை செல்களில் மிகுதியாகவும் இரத்தத்தில் உள்ளவற்றில் குறைவாகவும் காணப்படும் சிசிஆர்8 ஏற்பியைக் குறிவைக்கும் மருந்துகள் இப்போது மனிதர்களிடம் சோதிக்கப்படுகின்றன.