இங்கிலீஷில் நம்ம ஊர் வார்த்தை எதிரே வந்து நின்ன அனுபவம் உண்டா? எழுதுங்க

ராயபுரத்துப் பொண்ணு

போன மாசம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். கிண்டி பக்கம் நட்சத்திர ஹோட்டலில் ரூம் போட்டிருந்தாங்க. காலை பஃபேயில் ஒரு பாத்திரத்துக்கு முன்னால இங்கிலீஷில் 'காஞ்ஜி'ன்னு அட்டை. அப்பா மூடியைத் திறந்து பார்த்துட்டு, "இது கஞ்சிதானே தம்பி?"ன்னு கேட்டார். பரிமாறுற பையன் ரொம்ப மரியாதையா, "இல்ல சார், காஞ்ஜி. சைனீஸ் டிஷ்"னான்.

அப்பா ஒண்ணும் பேசல. ஒரு கிண்ணம் ஊத்திக்கிட்டார். நேரா இட்லி இருக்கிற பக்கம் போய் நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு துண்டு எடுத்து அதில் போட்டார். திரும்ப வந்து அந்தப் பையன் எதிரிலேயே நின்னு குடிச்சார். அவர் முகம் எனக்கு இன்னும் கண்ணுக்குள்ளேயே நிக்குது. கோபமா சிரிப்பான்னு தெரியல.

எங்க அப்பா பிறந்தது ஸ்டான்லியில். எங்க பக்கத்துப் பெரிசுங்களுக்கு அது இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிதான். 1782 வாக்கில், ஹைதர் அலி சண்டையும் பஞ்சமும் சேர்ந்து வந்தப்போ, ஜனங்களுக்குக் கஞ்சி ஊத்தின மணியக்காரர் சத்திரம் அது. வெள்ளைக்காரன் வாயில் 'மோனிகர் சவுல்ட்ரி' ஆச்சு. அந்த சவுல்ட்ரியும் நம்ம சாவடிதான். கஞ்சி போர்த்துகீசியர் வழியா இங்கிலீஷுக்குப் போனது. அந்தக் காலத்து ராணுவத்தில் லாக்கப்புக்கே 'கான்ஜி ஹவுஸ்'னு பேர், உள்ளே போனா அதுதானே சாப்பாடு! இவ்வளவும் தெரிஞ்ச ஆளுகிட்ட சைனீஸ்னு சொன்னா எப்படி இருக்கும்?

காசிமேட்டுக்காரன்

எங்க தாத்தா கதையும் இதே மாதிரிதான். தம்பி ஈ.சி.ஆர். பக்கம் பாய்மரப் படகு கத்துக்கொடுக்கிற இடத்துல வேலைக்குச் சேந்தான். தாத்தாவைக் கூட்டிட்டுப் போய் வெள்ளையா பளபளன்னு ஒரு படகைக் காட்னான். ரெண்டு நீட்டு உடம்பு, நடுவுல வலை மாதிரி ஒரு துணி. "கட்டமரான் தாத்தா"ன்னான்.

தாத்தா சுத்திச் சுத்தி வந்தாரு. குனிஞ்சி அடியில பாத்தாரு. கையால தட்னாரு. அப்பறம் கேட்டாரு பாரு: "கட்டு எங்கடா?"

அங்க இருந்த சாரு, ரெண்டு உடம்பு இருந்தா அதான் கட்டமரான்னு விளக்குனாரு. தாத்தாவுக்கு ஏறவேயில்ல. கட்டுமரத்துல உடம்பே கிடையாது, தெரியும்ல? மரத்தைச் செதுக்கி பக்கத்துல பக்கத்துல வச்சிக் கயிறு போட்டுக் கட்றது. அலை மேல ஏறி உள்ள வரும், கட்டைங்களுக்கு நடுவுல அப்படியே வடிஞ்சி போயிடும். கரைக்கு வந்தா கட்டை அவுத்து மணல்ல காயப் போட்டுடுவோம். முழுவுற கதையே இல்ல. ரெண்டு உடம்புப் படகு பசிபிக் தீவுக்காரங்களோடது, பேரு மட்டும் எங்க கரையிலேர்ந்து போயிருக்குது. டாம்பியர்னு ஒரு கப்பக்காரன் 1697ல போட்ட புஸ்தகத்துல இந்தக் கரை மரத்தைப் பத்தி எழுதிக்கிறான்னு எங்க அக்கா பொண்ணு படிச்சிக் காட்டிச்சி.

இப்போ எங்க குப்பத்துலயும் ஃபைபர் போட்டுதான். சுனாமிக்கு அப்பறம் மரம் கட்றவங்க கொறஞ்சிப் போயிட்டாங்க. பேரு அங்க போயிடுச்சி, பொருளும் இங்க இல்ல.

நைட் ஷிஃப்ட் நாகரிகம்

எங்க ஆபீஸ் போஷ் டிரெய்னிங். 2013 பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் பத்திச் சொல்லிக்கொடுக்க வந்தவர், ஆரம்பமே ஜாலியா இருக்கட்டும்னு பகட்டுன்னு அர்த்தம் வர்ற 'போஷ்'ங்கிற வார்த்தை எப்படி வந்ததுன்னு கேட்டார். லண்டனிலிருந்து மெட்ராஸ் வர்ற கப்பலில் பணக்காரங்களுக்கு வெயில் படாத பக்கம் கேபின், வரும்போது இடப்பக்கம் ('போர்ட் அவுட்'), திரும்பும்போது வலப்பக்கம் ('ஸ்டார்போர்ட் ஹோம்'), டிக்கெட்டில் அந்த நாலு எழுத்தை முத்திரை குத்துவாங்க, அதான் போஷ். கூட்டமே கைதட்டிடுச்சு.

அப்படி முத்திரை குத்தின ஒரு டிக்கெட்டைக்கூட இதுவரை யாரும் கண்டதில்ல. வார்த்தை முதல் உலகப்போர் காலத்துலயே புழக்கத்துக்கு வந்தாச்சு, கப்பல் கதை 1930-களில்தான் தலைகாட்டுது. நான் கையைத் தூக்கினேன். "கேள்வி கடைசியில்"னு சொல்லிட்டார். கடைசியில் பஸ்ஸுக்கு நேரமாச்சு.

பெயர் வேண்டாம்

நீங்க எல்லாம் சிரிக்கிற மாதிரி எழுதிட்டீங்க. என்னுடையது அப்படி இல்ல.

ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனி. கிளையண்ட் கால். எங்க மேனேஜர் தமிழர், இதே ஊர்க்காரர். புராஜெக்ட் தாமதத்தைப் பத்திப் பேச்சு வந்தப்போ நல்ல இங்கிலீஷில் சொன்னார், இப்படியே போனா நம்ம டீம் இந்த அக்கவுண்டோட 'பரையா' ஆயிடும்னு. வல்லின ற இல்லாம, வழுக்கிட்டுப் போச்சு அந்த வார்த்தை. கிளையண்ட் சிரிச்சார்.

ரூமில் இருந்த எல்லாரும் தமிழ்க்காரங்க. நான் என்ன ஆளுன்னு பாதிப் பேருக்குத் தெரியும். பக்கத்து சீட்டில் இருந்தவன் என்னோட தினம் டீ குடிக்கிறவன். அவன் ஸ்க்ரீனைப் பார்க்கல. நான் கேட்டேனான்னு என்னைப் பார்த்தான். நான் பார்க்கிறது தெரிஞ்சதும் டக்குனு குனிஞ்சு, மியூட்டில் இருந்த மைக்கை மறுபடி மியூட் பண்ணினான்.

மேனேஜர் வேணும்னு சொன்னார்னு நான் நினைக்கல. அவருக்கு அது இங்கிலீஷ் வார்த்தை, அவ்வளவுதான். அவன் குனிஞ்சதுதான் போக மாட்டேங்குது.

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், மேற்கு மாம்பலம்

தம்பி, தங்கள் பதிவைப் படித்தேன். என்னிடமும் ஒருமுறை ஒரு மாணவன் வகுப்பில் இதே சொல்லுக்குப் பொருள் கேட்டான். 'ஒதுக்கப்பட்டவன்' என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

தாங்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். சொல்லின் பிறப்பு வேறு, இன்றைய பொருள் வேறு. 'நைஸ்' என்பது ஒன்றும் அறியாதவன் என்னும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இன்று யாரையாவது நைஸ் என்றால் அவர் கோபித்துக்கொள்வாரா? 'சில்லி' ஒருகாலத்தில் பாக்கியம் பெற்றவனைக் குறித்தது. 'வில்லன்' யார் தெரியுமா? பண்ணையில் கட்டுண்டு உழைத்த குடியானவன். மேல்தட்டு மக்கள் அவனை இழிவாகவே பேசிப் பேசி, அவன் பெயரே கெட்டவனுக்குப் பெயராயிற்று. மொழி என்பது இப்படித்தான். ஆகவே தாங்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளாமல், நல்ல ஆங்கில அகராதி ஒன்று வாங்கி, தினம் ஒரு சொல் வீதம் அதன் வரலாற்றோடு படித்து வரலாம். சிறு நோட்டில் குறித்துக்கொள்வது நலம். காலை ஆறு மணி உகந்த நேரம். மேலாளரிடம் பேசுவதானால் தனியாக, உணவு இடைவேளைக்குப் பிறகு பேசவும், பசி நேரத்தில் யாரும் எதையும் ஏற்க மாட்டார்கள். மின்னஞ்சல் கூடாது. எழுத்தில் கொடுத்தால் விஷயம் வளரும். யோகாசனமும் உதவும்.

பெயர் வேண்டாம்

சார், வில்லன்னு பேர் வாங்கின குடியானவன் இன்னிக்கு எந்த ஊர்லயும் இல்ல. அவன் பேரன் ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்து அந்த வார்த்தையைக் கேக்கப் போறதில்ல. நாங்க இருக்கோம். சர்டிஃபிகேட்டில் அந்தப் பேர் இருக்கு.

யோகா பண்றேன் சார், ஏற்கெனவே.

கன்னிமரா வாசகி

ஆசிரியர் ஐயாவுக்கு: இந்தச் சொல்லின் பொருள் தானாகத் தேயவில்லை. 17-ஆம் நூற்றாண்டு தொடக்கத்திலேயே ஆங்கிலத்தில் ஏறிவிட்டது, அப்போது ஒரு சமூகத்தின் பெயராகத்தான். அப்புறம்தான் மட்டமான எதற்கும் அதை முன்னால் ஒட்டினார்கள். தெருநாய்க்கு, பருந்துக்கு, மட்டச் சாராயத்துக்குக்கூட! 1886-இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் தனித்தனியாகவே பார்க்கலாம். அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். தமிழ்நாட்டில் மிகப் பெரிய சமூகங்களில் ஒன்று இது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

இதே ஊரில் 1893-இல் இந்தச் சமூகத்துத் தலைவர் இரட்டைமலை சீனிவாசன் தன் பத்திரிகைக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். வசவாக வீசப்பட்ட பெயரைத் தலைப்பில் போட்டு விற்ற துணிச்சல். அயோத்திதாசர் அந்தப் பெயரே வேண்டாம் என்ற கட்சி. 1922-இல் சென்னை சட்டமன்றத்தில் எம்.சி. ராஜா தீர்மானம் கொண்டுவந்து, அரசுப் பதிவுகளில் 'ஆதிதிராவிடர்' என்று எழுத வைத்தார். இந்தச் சண்டை முழுக்க நடந்தது கோட்டைக்கும் ராயப்பேட்டைக்கும் இடையில். ஆங்கிலப் பத்திரிகைகள் மட்டும் இன்றும் ஏதாவது ஒரு நாட்டைப் 'பரையா தேசம்' என்று கூசாமல் தலைப்புப் போடுகின்றன.

என் சொந்த அனுபவம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மகள் ஆங்கிலப் பாடத்தில் இந்தச் சொல்லை வைத்து வாக்கியம் அமைக்கச் சொல்லியிருந்தார்கள். அதை எழுதாமல் விட்டுவிட்டாள். ஒரு மதிப்பெண் போயிற்று. நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

தமிழே வேர்

எல்லாரும் துக்கமாகப் பேசுகிறீர்கள், பெருமையையும் பாருங்கள். வங்கியில் கேஷ் கவுண்டர் முன் நிற்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். கேஷ் என்பது காசு! போன வாரம் கேஷியர் பெண்ணிடமே சொன்னேன், "அம்மா, நீங்கள் காசியர்." டோக்கன் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார். எட்டுதான் எய்ட், ஒன்றுதான் ஒன். மாங்காய்தான் மேங்கோ, தேக்குதான் டீக், சுருட்டுதான் செரூட். ஆங்கிலத்தில் பாதி நம்முடையது.

செப்புக்காசு சேகரிப்பவர்

மாங்காய், தேக்கு, சுருட்டு மூன்றும் சரி, அதோடு நிறுத்தியிருக்கலாம். எய்ட் பழைய ஆங்கிலத்தில் 'எயஹ்ட்ட'. லத்தீன் 'ஆக்டோ'வின் உறவு. நடுவில் இருக்கும் ஊமை எழுத்துகள் ஒருகாலத்தில் தொண்டையில் உரசி வந்த ஒலி. எட்டோடு ஒத்துப்போவது தற்செயல்.

கேஷ் விஷயம்தான் சுவையானது, ஏனென்றால் ஆங்கிலத்தில் கேஷ் இரண்டு. வங்கிக் கேஷ், பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் 'கேஸ்'ஸிலிருந்து வந்தது. இன்னொரு கேஷ், சில்லறை நாணயத்தின் பெயர். அதுதான் நம் காசு, போர்த்துகீசியர் வாய் வழியாகப் போனது. எழுத்தும் ஒலிப்பும் ஒன்று, பிறந்த வீடு வேறு. மெட்ராஸ் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1818-இல் ரூபாய்க் கணக்கு வரும்வரை இதுதான்.

இனி என் கதை. லண்டனில் இருக்கும் அக்கா மகன் பிறந்தநாளுக்கு ஒரு செப்புக் காசு அனுப்பினான். 1808 தேதியிட்டது. ஒரு பக்கம் கம்பெனிச் சின்னம். திருப்பினால் பாரசீக எழுத்து, கீழே ரோமன் எண்ணில் பத்து, அதையடுத்து 'கேஷ்'. மெட்ராஸ் சந்தைக்காக பர்மிங்காமில் அடித்தது. 'அட்மிரல் கார்ட்னர்' கப்பலில் ஏற்றினார்கள். 1809 ஜனவரியில் புயலில் சிக்கி, இங்கிலாந்துக் கரை தாண்டும் முன்பே கெண்ட் பக்கத்து மணல்திட்டில் மூழ்கியது. 1980-களில் முக்குளிப்பவர்கள் குவியல் குவியலாக எடுத்தார்கள். நடுவில் கடல் அரித்தும் அந்த நாலெழுத்து மட்டும் என் காசில் அழியவில்லை. சவுகார்பேட்டையில் கீரை வாங்கியிருக்க வேண்டிய காசு கூரியரில் பெரம்பூர் வந்து சேர்ந்திருக்கிறது. கூரியர்காரர் உறையைக் குலுக்கிப் பார்த்துவிட்டு, "உள்ள என்ன சார், கேஷ் எதுவும் இல்லையே? கேஷ் அனுப்பக் கூடாது" என்றார். நான் என்ன பதில் சொல்ல?

ராயபுரத்துப் பொண்ணு

சார், படம் போடுங்க! என்ன விலை இருக்கும்?

செப்புக்காசு சேகரிப்பவர்

கப்பலில் இருந்தது நிறைய, அதனால் பெரிய விலை இல்லை. பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவே. ஆசிட் போட்டுத் துலக்கியதை மட்டும் வாங்காதீர்கள்.

தமிழே வேர்

பிரெஞ்சுக்காரர்கள் பாண்டிச்சேரியில் எத்தனை காலம் இருந்தார்கள்? பெட்டிக்குள் காசு வைத்த பிறகுதானே பெட்டிக்குக் 'கேஸ்' என்று பெயர் வந்திருக்கும்! நாளை காலை விரிவாக எழுதுகிறேன்.