மின்சார ஷவரில் கொதிநீரும் பச்சைத் தண்ணீரும் மாறி மாறி வருகிறது: உதவி தேவை

கேள்வி (குளச்சல்)
மாடிக் குளியலறையில் 4.5 கிலோவாட் மின்சார ஷவர் வைத்திருக்கிறோம். மூட்டுவலியால் அவதிப்படும் என் மாமியாருக்காகவே வாங்கியது. திறந்ததும் இதமாகச் சுடுகிறது. சற்று நேரத்தில் கை வைக்க முடியாதபடி கொதிக்கிறது. பிறகு திடீரென்று பச்சைத் தண்ணீர். கொஞ்சம் பொறுத்தால் மறுபடியும் சூடு. பாதிச் சூட்டில் வைத்தாலும் இதே கதைதான், சற்றுத் தாமதமாக நடக்கிறது. கீழே சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டால் இன்னும் மோசம். விற்ற கடையில் ஸ்டெபிலைசர் வைக்கச் சொல்கிறார்கள். பணத்தைக் கொட்டுவதற்கு முன் விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அத்தை குளியலறைக்குள் போனாலே எனக்குப் பதற்றமாக இருக்கிறது.

பதில் (நாகர்கோவில்)
மாலையில் வோல்டேஜ் இறங்குகிறதா என்று பாருங்கள். 230 இருக்க வேண்டிய இடத்தில் 190 வந்தால் ஹீட்டர் மூன்றில் இரண்டு பங்கு வேலைதான் செய்யும்.

பதில் (மார்த்தாண்டம், எலக்ட்ரீசியன்)
நாகர்கோவில் நண்பர் சொன்ன கணக்கு சரி. ஆனால் வோல்டேஜ் குறைந்தால் தண்ணீர் வெதுவெதுப்பாகும், கொதிக்காது. சகோதரி சொல்வதைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் தண்ணீரின் மேல்தான். மூன்று விவரங்கள் வேண்டும். தொட்டியின் அடிமட்டத்துக்கும் ஷவருக்கும் எத்தனை அடி? ஒரு லிட்டர் பாட்டில் ஷவரில் நிறைய எத்தனை வினாடி? (மின்சாரத்தை அணைத்துவிட்டுப் பிடியுங்கள்.) கிணற்று நீரா?

கேள்வி கேட்டவர்
உயரம் நான்கு அடி இருக்கும், அண்ணா. பாட்டில் நிறைய 50 வினாடி ஆனது. கிணற்று நீர்தான். பாத்திரத்தில் காய்ச்சினால் அடியில் வெள்ளையாகப் படியும்.

பதில் (மார்த்தாண்டம்)
அங்கேதான் கோளாறு. 50 வினாடிக்கு ஒரு லிட்டர் என்றால் நிமிடத்துக்கு 1.2 லிட்டர். அவ்வளவு குறைந்த தண்ணீரில் 4.5 கிலோவாட் முழுவதும் இறங்கினால் சூடு 50 டிகிரிக்கு மேல் ஏறும். தொட்டித் தண்ணீர் 28 டிகிரி என்றால், ஷவரில் 80-ஐத் தொடப் பார்க்கும். அதற்குள் உள்ளே இருக்கும் தெர்மல் கட்-அவுட் மின்சாரத்தை வெட்டிவிடும். பச்சைத் தண்ணீர் வருவது அதனால்தான். ஆறியதும் தானாகச் சேர்ந்துகொள்ளும், மறுபடியும் கொதிக்கும். சமையலறைக் குழாய் திறந்தால் ஷவருக்கு வரும் தண்ணீர் இன்னும் குறைகிறது, அவ்வளவுதான். பத்து மீட்டர் உயரம் இருந்தால்தான் ஒரு பார் அழுத்தம். உங்கள் நான்கு அடிக்கு 0.12 பார்தான் கிடைக்கும். அந்தச் சிறிய அழுத்தத்தையும் சுண்ணாம்புப் படிவு தின்றுகொண்டிருக்கும்.

எம்சிபியை (போர்டில் இருக்கும், மின்சாரம் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) அணைத்துவிட்டு, ஷவருக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில் இருக்கும் சிறு வடிகட்டி வலையைக் கழற்றிக் கழுவுங்கள். ஷவர் முகத்தை வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஊறவைத்து, துளைகளைப் பழைய பல்துலக்கியால் தேயுங்கள். வால்வு முழுவதும் திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பதில் (தக்கலை)
கட்-அவுட்டைக் கழற்றிவிட்டு வயரை நேராக இணைத்தால் பச்சைத் தண்ணீர் வராது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அப்படித்தான் செய்தார்கள்.

பதில் (மார்த்தாண்டம்)
தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். 60 டிகிரித் தண்ணீர் ஐந்தே வினாடியில் தோலை வேகவைக்கும்; முதியவர்களின் தோலுக்கு அவ்வளவு நேரம்கூட வேண்டாம். அந்த வீட்டுக்காரர்களிடமும் உடனே மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்
வலையில் மணலும் பாசியும் அப்பிக்கிடந்தன. ஷவர் முகத்தில் பாதித் துளைகளில் கல்லாக வெள்ளை அடைத்திருந்தது. இரவு முழுக்க வினிகரில் வைத்துத் தேய்த்தோம். இப்போது 20 வினாடியில் லிட்டர் நிறைகிறது! பாதிச் சூட்டில் வைத்தால் ஒரே சீராக வருகிறது. சமையலறைக் குழாய் திறந்தால் மட்டும் இன்னும் சூடு ஏறுகிறது. இன்னொன்று: பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தபோது சாக்கெட்டின் ஒரு துளையைச் சுற்றிப் பழுப்பேறி, பிளாஸ்டிக் உருகியிருக்கிறது.

பதில் (மார்த்தாண்டம்)
கணக்கும் ஒத்துவருகிறது. நிமிடத்துக்கு 3 லிட்டர், பாதித் திறன் என்றால் 39 டிகிரி அளவில் நிற்கும். முழுச் சூடு வேண்டாம், 50-ஐத் தொட்டுவிடும். சமையலறைத் தொல்லை தீர, தொட்டியிலிருந்து ஷவருக்குத் தனிக் குழாய் இழுங்கள். தொட்டி பக்கத்திலேயே இருப்பதால் அழுத்தத்தைக் கூட்ட பம்ப் வைப்பதைவிடச் செலவு குறையும். அதுவரை அத்தை குளிக்கும்போது கீழ்க்குழாயை மூடி வையுங்கள்.

சாக்கெட் விஷயம்தான் அவசரம். 4.5 கிலோவாட் ஏறக்குறைய 20 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் பிளக் அதைத் தாங்காது. சரிசெய்யும் வரை ஷவரை இயக்கவே வேண்டாம், அடுப்பில் வெந்நீர் வைத்துக் கொடுங்கள். போர்டிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரைத் தனியாக இழுத்து, 25 ஆம்பியர் எம்சிபியும் மின்கசிவு வந்தால் மின்சாரத்தை வெட்டும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் வைத்து, பிளக் இல்லாமல் இருமுனை சுவிட்ச் (ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து அணைப்பது) வழியாக நேரடி இணைப்புக் கொடுக்க வேண்டும். வேலைக்கு வருபவரிடம் எர்த் குழியையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். குளச்சல் உப்புக்காற்றுக்கு அங்குள்ள கம்பி முடிச்சு அரித்துப்போயிருக்க வாய்ப்பு அதிகம்.