மொறிஸ் மைனர்: எஞ்சினை இறக்கத்தான் வேண்டுமா?

கேள்வி:
வணக்கம். யாழ்ப்பாணத்தில் அப்பா காலத்திலிருந்து ஓடும் எங்கள் 948 சிசி மொறிஸ் மைனர் காரை ஓட்டி வந்து நிறுத்தினால், கிளச் கூட்டின் அடியில் ஸ்பிளிட் பின் தொங்கும் துளையிலிருந்து எண்ணெய் சொட்டுகிறது. எஞ்சினை இறக்கினால்தான் சரிவரும் என்கிறார் மெக்கானிக். புகையோ தட்டும் சத்தமோ இல்லாத எஞ்சினை இறக்கத்தான் வேண்டுமா?

பதில் 1:
அவசரப்பட வேண்டாம், தம்பி. அந்த எஞ்சினில் கிராங்கின் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டின்) பின்முனைக்கு இறப்பர் சீல் கிடையாது. தண்டில் வெட்டிய திருகுபள்ளம் சுழலும்போது எண்ணெயை உள்ளே திருப்பிவிடும், அவ்வளவுதான். ஆகவே, நின்ற பிறகு சில சொட்டு விழுவது அதன் பிறவிக்குணம். எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் மூச்சுக்குழாய் அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி ஒழுக்கு கூடும் என்பதால், முதலில் அதைக் கழற்றிக் கழுவுங்கள். எக்ஸோஸ்ட்டுக்குக் கீழே பக்கவாட்டில் உள்ள டப்பெற் (வால்வுகளைத் தூக்கும் பாகங்கள்) மூடிகள் ஒழுகினாலும் எண்ணெய் பின்னோக்கி வழிந்து அந்த இடத்திலேயே சொட்டும். எல்லாவற்றையும் துடைத்து, முகப்பவுடர் தூவி, சிறிது தூரம் ஓட்டிப் பாருங்கள். ஈரக்கோடு எங்கே தொடங்குகிறது என்பது தெரிந்துவிடும்.

பதில் 2:
அண்ணா சொல்வது சரி, ஆனால் எண்ணெய் பட்டு கிளச் வழுக்கினால் கதை வேறு. எண்ணெய் ஊறிய தட்டைப் பெற்றோலில் கழுவிப் பூட்டி, ஒரே மாதத்தில் மறுபடியும் கழற்றியவன் நான். அப்படி இறக்க நேர்ந்தால், கிராங்கின் பின்முனையைத் தாங்கும் மெயின் பெயரிங்கின் தேய்வை அளக்காமல் மூடிவிடாதீர்கள்.

கேட்டவர்:
நன்றி. பின்பக்க டப்பெற் மூடியின் கோர்க் கஸ்கெட்டுக்குக் கீழேதான் பவுடர் நனைந்திருந்தது. கிளச் வழுக்கவில்லை, எஞ்சினை இப்போதைக்கு இறக்கவில்லை.